பெயர் வரிக்கு எந்த ஸ்கிரிப்ட்? ஸ்னெல் முதல் சாப்பினோ வரை

சான்றிதழ், அழைப்பிதழ், விருதுப் பட்டயம், நினைவுப் பலகை என்று எதை முறைப்படி வடிவமைக்க உட்கார்ந்தாலும், ஆங்கிலத்தில் வரும் பெயர் வரிக்குச் சாய்வான, சுழிப்புள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுத்துரு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நிற்போம். பட்டியலைத் திறந்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஃபாண்ட் விற்பவர்கள் மாதிரிக்குப் போடும் சொற்கள் அந்த எழுத்துரு எங்கே ஜொலிக்குமோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. உங்கள் வேலையில் வரப்போகிற பெயர்களோ அப்படித் தேர்ந்தெடுத்து வருவதில்லை.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறையப் பேரின் பெயர்கள் வரும் வேலை என்றால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். ஒன்றிரண்டு பெயர்கள்தான், பெரிய அளவு, உட்கார்ந்து இழைக்க நேரமும் இருக்கிறது என்றால் பிக்காம் ஸ்கிரிப்ட். காசு செலவழிக்க வழியில்லை, அல்லது சர்வரில் தானாகவே சான்றிதழ் உருவாக வேண்டும் என்றால் பின்யான் ஸ்கிரிப்ட். எட்வர்டியன், சாப்பினோ, கிரேட் வைப்ஸ் மூன்றும் நல்ல எழுத்துருக்கள்தான், ஆனால் அவற்றை எடுக்கும்போது சில நிபந்தனைகளோடு எடுக்க வேண்டும். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். "கலிகிராஃபி ஃபாண்ட்" என்று ஒரே கூடையில் போடுகிறோமே, அதில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று கூர்முனைப் பேனாவில் பிறந்தது. அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகிவிடும். கீழ்நோக்கி வரும் கோடு தடிப்பு, மேல்நோக்கிப் போகும் கோடு மெலிசு, எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துப் போகும். 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வளர்ந்த ரவுண்ட்ஹேண்ட் இந்த வகை, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் காப்பர்பிளேட் என்றும் சொல்வார்கள். ஸ்னெல், பிக்காம், எட்வர்டியன், பின்யான் எல்லாம் இந்தக் குடும்பம். இன்னொன்று பட்டை முனைப் பேனாவில் பிறந்தது. இதில் அழுத்தம் முக்கியமில்லை, பேனாவைப் பிடித்திருக்கும் கோணம்தான் தடிப்பையும் மெலிவையும் தருகிறது. இத்தாலியில் போப்பின் அலுவலகத்தில் எழுதப்பட்ட சான்சரி எழுத்து இந்த வகை, 1522-ல் அர்ரிகி போட்ட கையேடு அதற்குப் பெயர்பெற்றது. சாப்ஃப் சான்சரி, ஆப்பிள் சான்சரி, மோனோடைப் கோர்சிவா, டேஞ்சரின் எல்லாம் இந்தப் பக்கம். இவற்றில் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும், அதனால் படிக்கச் சுலபம்.

மிக முறையான தோற்றம் வேண்டுமா, கூர்முனைக் குடும்பம். நாலைந்து வரி வாசகம் முழுவதையும் அலங்கார எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று யாராவது அடம்பிடிக்கிறார்களா, பட்டை முனைக் குடும்பம். இதை மாற்றிச் செய்தால், அதாவது ஒரு முழுப் பத்தியை எட்வர்டியனில் வைத்தால், பார்ப்பதற்கு லேஸ் துணி போல இருக்கும், ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

சரி, ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டுக்கு வருவோம். சார்ல்ஸ் ஸ்னெல் என்ற ஆங்கிலேயக் கையெழுத்து ஆசிரியரின் எழுத்தை வைத்து மேத்யூ கார்ட்டர் 1960-களின் நடுவில் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. அந்தக் காலகட்டம் முக்கியம். உலோக அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித் துண்டு, சாய்ந்த எழுத்தின் வால் அடுத்த துண்டின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரமே உடைந்துபோகும். ஒளிக்கோர்ப்பு (எழுத்துகளைப் படச்சுருளில் ஒளியால் பதிக்கும் முறை) வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, எழுத்துகள் உண்மையிலேயே தொட்டுக்கொள்ள முடிந்தது. ஸ்னெல் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு வரையப்பட்டது, ஆனாலும் துள்ளவில்லை. சார்ல்ஸ் ஸ்னெலே அளவுக்கு மீறிய சுழிப்புகளை விரும்பாதவர், எழுத்துக்குத் திட்டமான விதிகள் வேண்டும் என்று சொன்னவர். அந்தக் குணம் எழுத்துருவிலும் அப்படியே இருக்கிறது. கேப்பிட்டல் எழுத்துகள் அடக்கமாக நிற்கும், வால்கள் பக்கத்து எழுத்தின் மேல் விழாது, எந்தப் பெயரைப் போட்டாலும் வரி உடையாமல் சமமாகப் போகும். நூறு பெயர்களைக் கண்மூடிக் கொட்டினாலும் தொண்ணூற்றுக்கும் மேல் கை வைக்காமலே சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையை எனக்குத் தருவது இது ஒன்றுதான். ரெகுலர், போல்ட், பிளாக் என்று மூன்று தடிமனில் இருப்பது அடுத்த லாபம், ஏன் என்று தங்க ஃபாயில் அச்சைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம். மேக்கில் கூடவே வரும். விண்டோஸில் வராது, வாங்க வேண்டும். மேக்கில் செய்த கோப்பை அப்படியே விண்டோஸ் கணினிக்கு அனுப்பினால் வேறு ஏதோ ஃபாண்ட் வந்து உட்காரும், ஆகவே எழுத்துரு பதிந்த பிடிஎஃப் தவிர எதையும் அனுப்பாதீர்கள்.

ஸ்னெல் கொஞ்சம் வறட்சி என்று தோன்றினால் அதே கார்ட்டர் 1972-ல் வரைந்த ஷெல்லியைப் பாருங்கள். ஆண்டான்ட்டே, அலெக்ரோ, வொலான்ட்டே என்று மூன்று, ஒன்றைவிட ஒன்றில் கேப்பிட்டல்களின் சுழிப்பு அதிகம். ஆண்டான்ட்டேயில் பெயர்களை வைத்து, தலைப்பில் மட்டும் வொலான்ட்டேயின் ஒரு கேப்பிட்டலைப் போட்டால் ஒரே கையில் எழுதியது மாதிரியே இருக்கும்.

பிக்காம் ஸ்கிரிப்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஆர்வம் மிஞ்சிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜார்ஜ் பிக்காம் என்ற செதுக்குக் கலைஞர் அன்றைய எழுத்து ஆசிரியர்களின் கையெழுத்தைச் செப்புத் தகடுகளில் வெட்டிப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அதைப் பார்த்து ரிச்சர்ட் லிப்டன் அடோபிக்காக வரைந்து 1997-ல் வெளிவந்தது இது. பின்னால் ஓபன்டைப் (எழுத்துகளின் மாற்று வடிவங்களையும் அவை மாறும் விதிகளையும் உள்ளேயே வைத்திருக்கும் ஃபாண்ட் கோப்பு வகை) வடிவத்துக்கு வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளிஃப்கள், அதாவது தனித்தனி எழுத்து வடிவங்கள், ஒரே கோப்புக்குள் சேர்ந்தன. இதனால் என்ன நடக்கிறது என்றால், ஒரே சின்ன எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் ஒரு மாதிரி தானாகவே மாறும். சொல்லின் முடிவில் வரும் 'டி' (d) எழுத்தின் தண்டு பின்பக்கம் வளைந்து மொத்தச் சொல்லுக்கும் கூரை போடும். 'ஒய்'யில் முடியும் பெயர் என்றால் அதன் வாலைச் சொல்லுக்கு அடியில் நீளமாக இழுத்து அடிக்கோடு மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ கிளிஃப் பலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெயருக்கு அரைமணி நேரம் செலவழித்தால், கையால் எழுதியதா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த அரைமணி நேரம்தான் இதன் விலை. தானாக மாறுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கூரையும் மோதிக்கொள்ளும். பெரிய பட்டியலை மெயில் மெர்ஜில் (பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொரு பக்கத்திலும் தானாகவே நிரப்பும் வசதி) ஓட்டிவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? வேர்டில் செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: லிகேச்சர் (சேர்ந்து ஒரே வடிவமாகும் எழுத்துகள்), சூழலுக்கேற்ற மாற்று வடிவம், ஸ்டைலிஸ்டிக் செட் (மாற்று வடிவங்களின் தொகுப்பு) ஆகியவற்றை ஃபாண்ட் அமைப்புகளின் அட்வான்ஸ்டு பக்கத்தில் இயக்கலாம், ஆனால் கிளிஃப்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பொறுக்குகிற வசதி அங்கே இல்லை. பிக்காமுக்குப் பணம் கொடுத்துவிட்டு வேர்டில் மட்டும் பயன்படுத்துவது வீண், அதற்கு ஸ்னெலே போதும்.

எட்வர்டியன் ஸ்கிரிப்ட் நிறையப் பேருக்குப் பழக்கமானது, காரணம் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு வந்துவிடுகிறது. எட் பெங்கியாட் ஐடிசி நிறுவனத்துக்காக 1994-ல் வரைந்தது. திரையில் பெரிதாகப் பார்த்தால் மயங்கிப்போவோம், கேப்பிட்டல்களில் அவ்வளவு கம்பீரம். பிரச்சினை மயிரிழைக் கோடுகள். மிக மெல்லியவை. சின்ன எழுத்துகளின் உடலும் சிறியது, அதனால் 24 பாயிண்ட் வைத்தாலும் கண்ணுக்கு 12, 13 மாதிரிதான் தெரியும். 36 பாயிண்டுக்குக் கீழே இதை நான் வைக்கவே மாட்டேன், நல்ல ஆஃப்செட் அச்சு, வழுவழு காகிதம் என்றால் மட்டும் கொஞ்சம் இறங்கலாம். ஆஃபிஸில் கூடவே கிடைக்கும் இன்னொன்று குன்ஸ்ட்லர் ஸ்கிரிப்ட். 1902-ல் ஜெர்மனியின் ஸ்டெம்பெல் வார்ப்பகம் வெளியிட்ட எழுத்தின் வாரிசு. கேப்பிட்டல்கள் எட்வர்டியனைவிடப் பழைய பாணி, சில எழுத்துகளை அடையாளம் காணவே நேரம் எடுக்கும். தலைப்புக்கு வைக்கலாம், பெயருக்கு வேண்டாம்.

சாப்பினோ முற்றிலும் வேறு உலகம். ஹெர்மன் சாப்ஃப் 1944-ல் தன் குறிப்பேட்டில் எழுதிய எழுத்துகளிலிருந்து வளர்ந்து 1998-ல் லைனோடைப்பில் வெளிவந்தது, பிறகு ஆப்பிள் கணினிகளோடு வரத் தொடங்கியது. ரவுண்ட்ஹேண்டின் ஒழுங்கு இதில் கிடையாது, இது ஒரு மனிதரின் கையெழுத்து, மேலும் கீழும் தண்டுகள் வெகுதூரம் பாயும். ஆப்பிளில் இருக்கும் பதிப்பில் ஆங்கிலத்தில் 'சாப்பினோ' என்று அதன் பெயரையே தட்டினால் ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே கிளிஃபாக மாறிவிடும், செய்து பாருங்கள், ஒரு ஃபாண்ட் கோப்பு என்னவெல்லாம் செய்யும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே புரியும். இதை எங்கே வைக்கலாம்? சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம் உள்ள ஒற்றை வரிக்கு. கவிதை நூலின் அட்டை, கலைக் கண்காட்சி அழைப்பு, ஒருவரின் பெயர் மட்டும் தாங்கிய நினைவுப் பரிசு. இரண்டு வரி அடுக்கினால் வரிசை இடைவெளி பூதாகரமாகப் போகும், அதைக் குறைத்தால் தண்டுகள் முட்டும். அரசு முத்திரையோ பல்கலைக்கழகச் சின்னமோ உள்ள சான்றிதழில் இது பொருந்தி நான் பார்த்ததில்லை. அழகுக் குறைச்சல் இல்லை, அந்த இடத்துக்கு இதன் குரல் ரொம்பத் தனிப்பட்டது, அவ்வளவுதான்.

இலவசப் பக்கம் வருவோம். கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு அதிகம் எடுக்கப்படுவது ராபர்ட் லொய்ஷ்கியின் கிரேட் வைப்ஸ். இணைப்புகள் சுத்தம், வளைவுகள் சரளம், மயிரிழைகளும் கொஞ்சம் தடிப்பாக இருப்பதால் சாதாரண லேசர் பிரிண்டரிலும் தாங்கும். எனக்கு ஒரு குறை உண்டு, இதன் கேப்பிட்டல்கள் கொண்டாட்ட மனநிலையில் இருக்கின்றன. கல்யாணத்துக்குச் சரி, பிறந்தநாளுக்குச் சரி, பட்டயத்துக்கும் நீதிமன்ற நிகழ்ச்சி அழைப்புக்கும் கொஞ்சம் இலேசாகத் தெரியும். எல்லாரும் எடுத்து எடுத்து முகம் பழகிப்போனதும் ஒரு காரணம். அதனால்தான் நிக்கோல் ஃபாலி வரைந்த பின்யான் ஸ்கிரிப்டை முன்னால் வைக்கிறேன். ரவுண்ட்ஹேண்ட் மரபில் நேராக வந்தது, சாய்வு அதிகம், தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம் கணிசம், விலை கொடுத்து வாங்கும் எழுத்துருக்களோடு பக்கத்தில் வைத்தால் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரே தடிமன்தான் இருக்கிறது, பிக்காம் மாதிரி மாற்று வடிவங்களும் கிடையாது. திரையில் சின்ன அளவில் தெரிய வேண்டும் என்றால் இம்பல்லாரியின் பெட்டிட் ஃபார்மல் ஸ்கிரிப்ட், சின்ன எழுத்துகளின் உடல் பெரிது, கோடுகளில் மெலிவு குறைவு, வலைப்பக்கத்துக்காகவே யோசித்துச் செய்தது. அச்சில் பெரிதாக வைத்தால் கொஞ்சம் மொத்தையாகத் தெரியும்.

சரி, இதில் எதை எடுத்தாலும் முடிவு பண்ணுவதற்கு முன்னால் மூன்று இடங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒன்று, கேப்பிட்டல்கள். உங்கள் பட்டியலில் வரும் பெயர்களின் முதல் எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்து அந்த எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். ஸ்கிரிப்டுகளில் 'ஐ'யும் 'ஜே'யும், 'டி'யும் (T) 'எஃப்'பும், 'எஸ்'ஸும் 'எல்'லும் ஒன்றையொன்று பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். பெயருக்கு உரியவர் தன் பெயரையே ஒரு நொடி நின்று படிக்கிறார் என்றால் அந்த எழுத்துரு அந்த வேலைக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இனிஷியல் உள்ள பெயர்களை மறக்காதீர்கள். இரண்டு மூன்று கேப்பிட்டல்கள் புள்ளியோடு அடுத்தடுத்து வரும்போது எட்வர்டியனிலும் கிரேட் வைப்ஸிலும் சுழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஸ்னெலில் சின்ன இடைவெளி கொடுத்தால் சமாளிக்கலாம். முழுச் சொல்லையும் கேப்பிட்டலில் வைப்பது மட்டும் எந்த ஸ்கிரிப்டிலும் கூடாது. பட்டங்களின் சுருக்கெழுத்து, ரோமன் எண், நிறுவனப் பெயரின் சுருக்கம் எல்லாம் பக்கத்தில் வைக்கும் சாதாரண எழுத்துருவுக்குப் போகட்டும்.

இரண்டு, மயிரிழை. பெயரை உண்மையான அளவில் வைத்து அவுட்லைனாக (எழுத்தை வெறும் வரைகோட்டு வடிவமாக) மாற்றி, நன்றாகப் பெரிதாக்கி, மிக மெல்லிய இடத்தின் மேல் 0.25 பாயிண்ட் கோடு ஒன்றை வரைந்து ஒப்பிடுங்கள். எழுத்தின் கோடு அதைவிட மெலிந்திருந்தால் சாதாரண அச்சில் அங்கங்கே அறுந்துபோக வாய்ப்பு அதிகம். கறுப்பு அல்லது அடர் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே பரவி மூடும், 0.5 பாயிண்டாவது வேண்டும். தங்க ஃபாயிலுக்கும் எம்பாஸிங்கிற்கும் (எழுத்தைப் புடைப்பாக அழுத்துவது) இன்னும் தடிப்பாக வேண்டும், அந்த அளவை அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள். ஸ்னெலின் போல்ட் தடிமனும் பிக்காமின் செமிபோல்டும் கைகொடுப்பது இங்கேதான். மெலிசாக இருக்கிறதே என்று ரெகுலரைச் சுற்றி ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுத்துத் தடிப்பாக்குகிறவர்கள் உண்டு, அதைச் செய்ய வேண்டாம், மயிரிழையும் தடிக்கோடும் ஒரே அளவு ஏறி பேனாவின் உயிரே போய்விடும். வேறு தடிமன் இல்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மூன்று, இணைப்புகள். இந்த எழுத்துருக்களில் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்துக்குள் கொஞ்சம் புகுந்துதான் தொடர்கிறது. எழுத்து இடைவெளியைக் கூட்டினால் அந்தக் கை விலகிவிடும், குறைத்தால் முடிச்சு விழும். ஆகவே டிராக்கிங் (எழுத்து இடைவெளி அமைப்பு) பூஜ்யம், ஜஸ்டிஃபை செய்த (இரு ஓரமும் சமமாக நிரப்பிய) பத்திக்குள் வைக்கவே கூடாது. லேசர் செதுக்கலுக்கோ, பிளாட்டரில் வெட்டுவதற்கோ அனுப்பினால் இன்னொரு வேலை இருக்கிறது: அவுட்லைனாக மாற்றியபின் எழுத்துகளை ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் தனித்தனியாகப் பின்பற்றும், ஒவ்வொரு இணைப்பிலும் குட்டிக் குட்டிச் சந்திரப்பிறை மாதிரி வெட்டு விழுந்திருக்கும்.

கூட வைக்கும் எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பேனாவில் பிறந்தவற்றைச் சேர்த்தால் சண்டை வராது. கூர்முனை ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் பாஸ்கர்வில் அல்லது போடோனி. ஜான் பாஸ்கர்வில் எழுத்துரு செய்ய வருவதற்கு முன் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பேனாவின் தடிப்பும் மெலிவும் அவர் அச்செழுத்திலும் தெரியும். சான்சரி வகைக்கு கேரமாண்ட் மாதிரிப் பழைய பாணி எழுத்துருக்கள். தேதி, இடம், பதிவு எண் எல்லாம் இந்தத் துணை எழுத்துருவில் இருக்கட்டும். அளவில் ஸ்கிரிப்ட் 40 பாயிண்ட் என்றால் இது 11, 12 போதும்.

அதே பக்கத்தில் தமிழும் வந்தால், மேலே சொன்ன எந்த ஸ்கிரிப்டிலும் தமிழ் எழுத்து கிடையாது, மென்பொருள் தானாக ஏதோ ஒன்றை எடுத்துப் போடும். அதை விட்டுவிடாமல் நீங்களே தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஆங்கிலம் சாய்கிறதே என்று தமிழையும் இட்டாலிக் பொத்தானை அழுத்திச் சாய்க்காதீர்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது, கணினி நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்துவிடும், 'ழ'வின் வளைவும் 'ண'வின் சுழிகளும் கோணலாகும். தமிழ் நேராக நிற்கட்டும், தடிப்பும் மெலிவும் தெரிகிற நல்ல எழுத்துருவாக இருந்தால் ஸ்கிரிப்டின் பக்கத்தில் அதுவே கம்பீரமாக இருக்கும்.

கடைசியாக உரிமம். இதைப் பார்க்காமல் அழகை வைத்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு மொத்த வடிவமைப்பையும் மாற்றுவது பரிதாபம். ஆஃபிஸோடும் மேக்கோடும் வந்த எழுத்துருக்களை வைத்து ஆவணம் தயாரித்து அச்சிடலாம், ஆனால் ஃபாண்ட் கோப்பை எடுத்து அச்சகத்துக்கோ நண்பருக்கோ அனுப்பவோ, இணையதளத்தில் ஏற்றவோ முடியாது. வாங்கிய உரிமத்திலும் கணினிக்கு ஒன்று, வலைப்பக்கத்துக்கு ஒன்று, செயலிக்கும் சர்வருக்கும் வேறு என்று பிரித்துத்தான் விற்கிறார்கள். பயிற்சி முடித்தவர் பொத்தானை அழுத்தினால் சான்றிதழ் தானாக இறங்க வேண்டும் என்றாலோ, வாங்குபவர் பெயரை மாற்றிக்கொள்ளும் டெம்ப்ளேட்டாக விற்கப்போகிறீர்கள் என்றாலோ சாதாரணக் கணினி உரிமம் பெரும்பாலும் போதாது, விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்யான், கிரேட் வைப்ஸ் இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் இந்தக் கவலை இல்லை, வணிக வேலைக்கும் தடையில்லை, கோப்பை அச்சகத்துக்குத் தாராளமாக அனுப்பலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. சர்வரில் பிடிஎஃப் உருவாக்கும் சில மென்பொருள்கள் ஓபன்டைப் விதிகளைக் கண்டுகொள்வதில்லை, ஆகவே பட்டியலிலேயே மிக நீளமான பெயர், மிகக் குட்டையான பெயர், மூன்று இனிஷியல் உள்ள பெயர் ஆகிய மூன்றையும் அந்த சர்வரிலேயே ஓட்டி, காகிதத்தில் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுத்துருவை உறுதி செய்யுங்கள்.